கண்மட்டம் செல்லாத தொழில்

மாங்கேணியில் இஞ்சினியர் என்றால் இரண்டு வகைதான். ஒன்று பாலம் கட்டுகிறவர். மற்றது எதைத் தூக்கிவந்தாலும் திருத்திக் கொடுக்கிறவர். பனிச்சங்கேணிப் பாலம் எப்போதோ கட்டி முடிந்துவிட்டதால் என்னை இரண்டாவதில் சேர்த்துவிட்டார்கள். கட்டுநாயக்காவிலிருந்து லீவில் வந்து பையை இறக்கிவைக்கும் முன்பே வாசலில் ஒரு தண்ணி மோட்டரும் பெரியம்மாவின் கிரைண்டரும் காத்திருக்கும்.

"பிளேனே திருத்துற பிள்ளைக்கு இதொரு வேலையா மனே?"

வேலைதான். எங்கள் தொழிலில் கையேட்டைத் திறக்காமல் ஓர் ஆணியைக்கூடத் தொடக்கூடாது. கையேடு சொன்ன ஸ்பனர், கையேடு சொன்ன இறுக்கம், மறுகா கையெழுத்து. கிரைண்டரின் கையேட்டுக்கு எங்கே போவது? அது வந்த பெட்டியிலேயே கோழி அடைகிடக்கிறது.

லைசன்ஸ் கிடைத்த செய்தி பரவியபோது சந்திக் கடையில் முதல் கேள்வி, "ஹெவியா, லைட்டா?"

"ஓட்டுற லைசன்ஸ் இல்ல அண்ணே. பிளேன் பறக்கலாமெண்டு கையெழுத்துப் போடுற லைசன்ஸ்."

"கையெழுத்துக்குத்தான் ஜீ.எஸ். இருக்கிறாரே!"

அந்தக் கையெழுத்துக்குப் பட்ட பாடு கடைக்குத் தெரியாது. பாடத்திட்டம் ஐரோப்பிய விதியை ஒட்டியது. ஜெட் விமானத்துக்கான பி1.1 பிரிவென்றால் கணக்கு, பௌதிகத்தில் தொடங்கி 13 பாடங்கள். ஒவ்வொன்றிலும் 75 வேண்டும். உயர்தரத்தில் 75 எடுத்தால் அது 'ஏ' சித்தி, ஊரில் வெடி கொளுத்துவார்கள். இங்கே அது வெறும் பாஸ். 74 எடுத்தவனும் பூச்சியம் எடுத்தவனும் ஒரே வாங்கில். அதன்பிறகு ஹேங்கரில் வருசக்கணக்கில் அனுபவம் காட்டவேண்டும்.

அம்மாவுக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லை. மட்டக்களப்பு விமான நிலையத்தை 1983இல் விமானப்படை எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பிளேன் சத்தத்துக்கு அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். பங்கருக்குள் குனிந்து வளர்ந்தவர்கள். "அதையா திருத்தப்போறாய்?" என்றார் அம்மா. அது வேறு, இது வேறு என்று விளங்கப்படுத்தவே ஒரு லைசன்ஸ் வேண்டும்.

ஆனால் என் உண்மையான பரீட்சகர் மாமா. வள்ளத்து எஞ்சின் திருத்துவதில் வாகரை வரை பேர். மண்ணில் கிடக்கும் போல்ட்டை நின்றபடி பார்த்தே, "பத்தாம் நம்பர்" என்பார். பத்தாகவே இருக்கும். நான் அளந்து பார்ப்பதைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. "படிச்சுக் கெட்டுப்போனீங்க மருமகன்."

பொறுக்கமுடியாமல் அந்தக் கதையைச் சொன்னேன். 1990 ஜூன் 10. பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் விமானம். 17,000 அடிக்கு மேலே கப்டனுக்கு முன்னாலிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கப்டன் இடுப்புவரை வெளியே. பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துத் தொங்க, துணை விமானி சவுதாம்டனில் இறக்கினார். கப்டன் பிழைத்தார். காரணம், கண்ணாடியைப் பூட்டிய 90 போல்ட்டில் 84 உரிய பருமனைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மெலிந்தவை. பூட்டிய மேற்பார்வையாளர் பழைய போல்ட்டோடு புதியதைக் கண்மட்டத்தில் ஒப்பிட்டு எடுத்திருந்தார்.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். "கண்மட்டத்தில பிழையில்ல மருமகன். அவருக்குக் கண்ணில பிழை."

விசாரணை அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த மேற்பார்வையாளர் வாசிக்க மூக்குக்கண்ணாடி போடவேண்டியவர், அந்த வேலையின்போது போட்டிருக்கவில்லை என்று அதில் இருக்கிறது. மாமாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.