மடிக்கணினியைக் கீழே வை

2010 ஜூன் 7, சான் பிரான்சிஸ்கோ. ஐபோன் 4 அறிமுகம். மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் கையிலிருந்த போனில் வலைப்பக்கம் ஒன்று திறக்க மறுத்தது. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஓடுவதுதான் காரணமாம். மடிக்கணினியைத் தரையில் வையுங்கள், பக்கத்து ஆளையும் கண்காணியுங்கள் என்றார். நேரலையாகத் தட்டிக்கொண்டிருந்த நிருபர்கள் விழித்தார்கள்.

கருவியை ஒதுக்கச் சொல்வது கோயிலுக்குப் பொருந்தும். கோயில்களில் செல்போன் கூடாதென்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. நம்ம வானூர் வட்டத்துத் திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்கு விளம்பரம் வேண்டாம், அது நியாயம். ஐபோன் அறிமுகத்துக்கோ ஊரெல்லாம் சொல்லத்தானே நிருபர்களைக் கூப்பிட்டார்கள்?

2020இலிருந்து ஆப்பிள் அறிமுகங்கள் பெரும்பாலும் முன்பே எடுத்த படம்தான். வைஃபை காலை வாராது. நிருபர்களை இன்னும் அழைக்கிறார்கள், உட்கார்ந்து படம் பார்க்க.