செத்தால் உதவி உண்டு

தமிழ்நாடு அரசுக்கு இரக்கமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு போகிற பையன் லாரிச் சக்கரத்தில் சிக்கிச் செத்தால் அவன் குடும்பத்துக்குக் காப்பீடு உண்டு. உயிர் தப்பிக் கால் மட்டும் போனாலும் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருக்கு என்று கணக்குப் போட்டு, 2025-26 பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் அவன் உயிரோடு, இரண்டு காலோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது மணிக்கு எவ்வளவு கூலி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அரசுக்குச் சங்கடமாகிவிடும்.

அதே பட்ஜெட்டில் மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலைக்கு 20,000 ரூபாய் மானியம் என்றும் சொன்னார்கள். ஒன்றரை லட்சத்தை 2,000 ஆல் வகுத்தால் 75 வருகிறது. ஆக, 75 பேரில் ஒருவருக்கு ஸ்கூட்டர். செத்தால் கிடைப்பது மட்டும் 75 பேருக்கும்.

சென்னை அண்ணா நகரில் இவர்களுக்கென்று மாநகராட்சி ஓர் ஏசி ஓய்வறை திறந்தது. அது நல்ல காரியம், அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். எங்கள் கொடைக்கானலுக்கு ஏசி வேண்டாம், அதைக் கடவுளே இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார். இங்கே ஏழு ரோடு பக்கம் ஒரு தகரக் கூரை, ஒரு கழிப்பறை, போன் சார்ஜ் போட ஒரு பிளக் இருந்தால் போதும். ஆனால் பட்ஜெட்டின் ஓய்வறைகள் சென்னையையும் கோவையையும் தாண்டவில்லை. மலையில் வண்டி ஓட்டுகிறவன் களைப்பதில்லை போலிருக்கிறது.

2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரில் இவர்களுக்கு ஒரு நலவாரியமும் வந்தது. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த வாரியம் அது. நம்மூர் நலவாரியங்களின் உதவிப் பட்டியல் தெரிந்ததுதானே: கல்யாணத்துக்கு உதவி, பிரசவத்துக்கு உதவி, பிள்ளை படிப்புக்கு உதவி, மூக்குக்கண்ணாடிக்கு உதவி, விபத்தில் செத்தால் ஒன்று, தானாகச் செத்தால் இன்னொன்று. பிறப்பிலிருந்து இறப்புவரை எல்லாம் இருக்கிறது. நடுவில் அவன் வேலை செய்கிற இடம் மட்டும் காலி.

அந்தக் காலி இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மழைக்கால ராத்திரியில் கொடைக்கானல் நாயுடுபுரத்துப் பக்கம் போய் நிற்க வேண்டும். நான் பார்த்த பையனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. போனைப் பால் கவருக்குள் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தான். நனைந்த விரலுக்குத் திரை அசையவில்லை. சட்டையில் துடைத்தான், சட்டையும் ஈரம். மேப் ஓர் இடத்தைக் காட்டுகிறது, ஹோம்ஸ்டே அதற்கு மேலே இரண்டு வளைவு தள்ளி இருக்கிறது. மேப்புக்கு மலை தெரியாது. அதன் கண்ணுக்குக் கொடைக்கானலும் தி.நகரும் ஒரே தட்டை.

“சார், லொக்கேசன் கீழ் ரோட்டக் காட்டுது சார். மேல வர்றதுக்கு எங்கிட்டு சார் வழி?”

“தம்பி, புரோட்டா ஆறிப்போயிருமே. சீக்கிரம் வாங்க.”

தன் உடம்பு ஆறிப்போனதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்துவிட்டு வந்து, அடுத்த ஆர்டர் விழுமா என்று ஒரு மூடின கடையின் ஓரம் ஒதுங்கி நின்றான். போனையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி நிற்பதற்கு யார் காசு கொடுப்பது? வேலைச் சட்டை போட்டிருக்கிறான், லாகினில் இருக்கிறான், வீட்டுக்குப் போக முடியாது, வேறு வேலைக்கும் போக முடியாது. ஆனாலும் கணக்கில் அவன் சும்மா நிற்கிறான்.

சும்மா நிற்பதைச் சட்டமாகவே எழுதிக்கொண்டவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். 2020 நவம்பரில் ஊபரும் டோர்டாஷும் கூட்டாளிகளும் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, பொது வாக்கெடுப்பில் ‘புரொபசிஷன் 22’ என்ற சட்டத்தை வாங்கினார்கள். வென்றார்கள் என்றும் சொல்லலாம், ரசீது இருப்பதால் வாங்கினார்கள் என்கிறேன். ஓட்டுநர்கள் தொழிலாளிகள் அல்ல என்பது அதன் சாரம். பதிலுக்கு ஓர் உத்தரவாதம் தந்தார்கள்: குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம்! கேட்டவுடன் கை தட்டத் தோன்றுகிறதல்லவா? தட்டும் முன் அடிக்குறிப்பைப் படியுங்கள். ஆர்டரை ஏற்ற நொடியிலிருந்து ஒப்படைத்த நொடிவரைதான் அந்த 120. நடுவில் நிற்கும் நேரத்துக்குப் பூஜ்ஜியம். ஒரு மணியில் அரை மணி நின்றால் 120 அறுபதாகிவிடும். சட்டசபை இதைத் திருத்த நினைத்தால் எட்டில் ஏழு பங்கு உறுப்பினர் கை தூக்க வேண்டும் என்றும் எழுதி வைத்துக்கொண்டார்கள். 2024 ஜூலையில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது.

இவ்வளவு அருமையான கொள்கையை டெலிவரிப் பையன்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது அநியாயம். எல்லாருக்கும் விரிவுபடுத்தி நானே ஒரு மசோதா எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் சட்டமன்ற உறுப்பினர்கள். 2017இல் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாகத் தங்கள் மாதச் சம்பளத்தை உயர்த்திக்கொண்டவர்கள். இனி எழுந்து பேசும் நிமிடத்துக்கு மட்டும் ஊதியம். உட்கார்ந்திருப்பது காத்திருப்பு. மேசையைத் தட்டுவது வேலையா இல்லையா என்பதை அல்காரிதம் முடிவு செய்யும், எப்படி முடிவு செய்தது என்று கேட்கக் கூடாது. தொகுதியிலிருந்து கோட்டைக்குச் சொந்த வண்டி, சொந்த பெட்ரோல். தொகுதி மக்கள் நட்சத்திரம் போடுவார்கள். குறைந்தால் ஒரு காலையில் ஐடி பிளாக் ஆகியிருக்கும். காரணம் கேட்டால், ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று ஓர் இயந்திரம் ராத்திரி 2 மணிக்குப் பதில் போடும். வழியில் விபத்தானால் கவலை வேண்டாம், காப்பீடு இருக்கிறது.

அடுத்து கொடைக்கானல் வானாய்வகம். 1899இல் தொடங்கப்பட்டு, சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். சூரியன் முகம் காட்டும் நிமிடத்துக்கு மட்டும் விஞ்ஞானிகளுக்குச் சம்பளம், மேகம் மூடினால் அவரவர் பாடு. குறிஞ்சிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு 2018இல் பூத்தபோது கொடுத்தாயிற்று, இனி 2030இல் வந்து வாங்கிக்கொள்ளட்டும். பழனி மலை விஞ்ச் ஊழியருக்கு மேலே ஏறும்போது ஊதியம், காலிப் பெட்டி இறங்கும்போது கிடையாது.

கடைசியில் சொன்னதை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. கீழே வட்டக்கானலுக்குப் பார்சல் கொண்டுபோகிறவன் வெறும் பையோடு திரும்பி ஏறி வருகிற கதையும் அதேதான். போகும்போது தீர்கிற அதே பெட்ரோல்தான் வரும்போதும் தீர்கிறது. அடுத்த ஆர்டர் விழாமல் திரும்பினால் அந்தப் பெட்ரோல் அவன் தலையில்.

கம்பெனிகளிடமும் கணக்கு இருக்கிறது. டெலிவரி ஊழியர்களின் 2025 டிசம்பர் 31 வேலைநிறுத்தத்தை ஒட்டிச் சொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் ஒரு கணக்கு வெளியிட்டார். டிப்ஸ் சேர்க்காமல், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, 2025இல் மணிக்குச் சராசரி 102 ரூபாய். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் என்று பெருக்கியும் காட்டினார். சரி ஐயா, உங்கள் கணக்கையே ஒப்புக்கொள்கிறேன். காத்திருப்பையும் சேர்த்து 102 ரூபாய் ஏற்கெனவே கிடைக்கிறது என்றால், ‘லாகினில் இருக்கும் மணிக்கு 102க்குக் குறையாது’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட என்ன தடை? ஏற்கெனவே கொடுப்பதை எழுதிக் கொடுக்கக் கை நடுங்குவானேன்? சராசரி நிருபர்களுக்குப் போதும். பையனின் வீட்டு வாடகைக்கு உத்தரவாதம்தான் வேண்டும்.

அந்த 10 மணி நேரத்தையும் அவர் கூசாமல் சொன்னார், நாமும் கூசாமல் படித்தோம். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில்தான் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதாவை 2023 ஏப்ரலில் இதே சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பவும் மே 1ஆம் தேதி பார்த்துத் திரும்பப் பெற்றார்கள். தொழிற்சாலைக்குக் கேட், சங்கு, சங்கம் எல்லாம் இருந்ததால் சத்தம் கோட்டைக்குக் கேட்டது. ஸ்கூட்டருக்கு ஹாரன் மட்டும்தான் இருக்கிறது.

கேட்டும் சங்கமும் இருந்தவர்களுக்கே இந்த மலையில் என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானலின் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை இந்துஸ்தான் லீவர் நடத்தியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது அம்பலமாகி, 2001இல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களுக்கு முதலாளி யார் என்று தெரியும், ஆலை எங்கே என்று தெரியும், வருகைப் பதிவேடு இருந்தது. அப்படியும் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது 2016இல். 15 ஆண்டு. முதலாளி என்று ஓர் ஆளே இல்லாமல், ஆலை போனுக்குள் இருக்கிற பையன் எத்தனை ஆண்டு நிற்க வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இந்த மலை ஆதியிலிருந்தே அடுத்தவன் முதுகில் ஏறித்தான் சாப்பிட்டிருக்கிறது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே பங்களா கட்டினார்கள். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ரோடு வரும்வரை துரையும் துரைசாணியும் அடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் தோளில் மேலே வந்தார்கள். தூக்கியவர்களை அன்று கூலி என்றார்கள், கூலி என்று சொன்னதற்காவது கூலி கொடுத்தார்கள். இன்று ‘பார்ட்னர்’ என்கிறார்கள். கம்பெனியில் அவனுக்கு எத்தனை பங்கு என்றுதான் தெரியவில்லை.

டெல்லியும் சும்மா இல்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, ஐந்தாண்டு தூங்கி, 2025 நவம்பர் 21இல் கண் விழித்தது. கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும், ஆனால் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த நிதியிலும் விபத்து, முதுமை, மருத்துவம் உண்டு. மணிக்கூலி இல்லை. குறைந்தபட்சக் கூலி பேசும் சட்டத் தொகுப்பிலோ இவனுக்கு இடமே இல்லை, ஏனென்றால் முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவன் என்று சட்டமே அவனை எழுதிவிட்டது. ராஜஸ்தான் 2023 ஜூலையில் நாட்டிலேயே முதல் சட்டம் போட்டது. டிசம்பரில் ஆட்சி மாற, சட்டம் விதிகள் இல்லாமல் கிடந்தது. கர்நாடகம் 2025இல் கொஞ்சம் முதுகெலும்போடு எழுதியது: வேலையிலிருந்து நீக்க 14 நாள் நோட்டீசும் காரணமும் வேண்டும். அங்கேயும் மணிக்கூலியைத் தொடவில்லை.

முடியாத காரியமா? நியூயார்க் நகரம் செய்தது. டெலிவரி ஆட்களின் குறைந்தபட்சக் கூலியை, காத்திருப்பையும் கணக்கில் எடுத்து, 2023 டிசம்பரில் மணிக்கு 17.96 டாலரில் தொடங்கி, 2025 ஏப்ரலில் 21.44 டாலருக்குக் கொண்டுவந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றன. தோற்ற கோபத்தில் டிப்ஸ் பொத்தானை ஆர்டர் முடிந்த பிறகு தெரியும்படித் தள்ளி வைத்தன. அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை, சாப்பாடு இன்னும் வீட்டுக்கு வருகிறது.

எண்ணத் தெரியாது என்றும் நம் அரசு சொல்ல முடியாது. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கொடுத்து, கொடைக்கானலுக்கு ஏறும் சுற்றுலா வண்டிகளை எண்ணுகிறார்கள். 2025 கோடையில் வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று கோர்ட் வரம்பே போட்டது. சுற்றுலாக் காரை எண்ண முடிகிறவர்களுக்கு, போனில் நொடி சுத்தமாகப் பதிவாகும் ஒரு பையனின் லாகின் நேரத்தை எண்ண முடியாதா?

கொடைக்கானல் பழனித் தொகுதியில் இருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் காப்பீட்டைப் பற்றிப் பேச விடாதீர்கள், அதை அவர் நன்றாகப் பேசுவார். மூன்றே மூன்று கேளுங்கள். லாகினிலிருந்து லாக்அவுட் வரை மணிக்கு இவ்வளவு என்று சட்டத்தில் எழுதுவீர்களா? மலையில் திரும்பி வரும் கிலோமீட்டருக்கும் காசு உண்டா? காரணம் சொல்லாமல் ஐடியைப் பூட்டினால் எந்த அதிகாரியிடம், எத்தனை நாளில் முறையிடலாம்? பதில் வரும்வரை அவரை வாசலிலேயே நிற்க வையுங்கள். அந்த நேரத்துக்குக் காசு கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.