கைப்பந்து முல்லை

காத்திருத்தல் முல்லைத் திணையின் ஒழுக்கம். முல்லைக்குக் காடும் மேய்ச்சல் நிலமும் இடம், கார்காலமும் மாலையும் பொழுது, ஆநிரை கருப்பொருள், இருத்தலும் இருத்தல் நிமித்தமும் உரிப்பொருள். இந்த வகுப்பு காதலர்க்கு மட்டும் உரியதன்று என்பதும், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்து ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் ரசிகர்க்கும் முழுமையாகப் பொருந்தும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. எடுத்துக்காட்டாக 2023 அக்டோபர் 21, சனிக்கிழமை, லிங்கன் நகரில் நெப்ராஸ்காவும் விஸ்கான்சினும் மோதிய ஆட்டத்துக்கு முந்தைய வாரத்தைக் கொள்கிறேன்.

1. நிலம்

நெப்ராஸ்கா புல்வெளி மாநிலம். மக்கள்தொகை ஏறக்குறைய 20 லட்சம். மாடுகளோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். எதிரணியின் மாநிலமான விஸ்கான்சின் பால்பண்ணைகளின் நாடு. அதன் வாகன எண் பலகைகளிலேயே அந்தப் பெருமை பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஆயர் நிலங்கள். ஆகவே முதற்பொருளாகிய நிலத்தில் ஐயமில்லை.

நிலத்துக்குள் அரங்கு. நெப்ராஸ்கா அணி 2013 முதல் டெவானி அரங்கில் ஆடுகிறது. 2023இல் அங்கே சுமார் 8,000 பேர் அமர முடிந்தது. 2001இலிருந்து இந்த அணியின் சொந்த ஊர் ஆட்டம் ஒன்றுக்குக்கூட டிக்கெட் மீந்ததில்லை. தொடர்ச்சியாக 300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கின்றன. விஸ்கான்சின் அணியின் இடம் மேடிசன் நகரில் 1930இல் திறந்த பீல்டு ஹவுஸ் என்னும் பழைய கல் கட்டடம். பார்வையாளர் வரிசைகள் ஆடுகளத்தை நெருக்கிக்கொண்டு ஏறும் அந்தக் கூடத்தில் சத்தத்துக்கு வெளியேற வழி கிடையாது.

நெப்ராஸ்காவில் கூடைப்பந்துக்கோ பேஸ்பாலுக்கோ பெரிய தொழில்முறை லீக் அணி எதுவும் இல்லை. மாநிலம் முழுவதும் ஒரே பல்கலைக்கழகத்தைத் தன் அணியாகக் கொண்டாடுகிறது. 2023 ஆகஸ்ட் 30 அன்று லிங்கனில் உள்ள அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவே கைப்பந்துக் களம் அமைத்தார்கள். ஒமாஹா பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தைப் பார்க்க 92,003 பேர் வந்தார்கள். ஒமாஹா, லிங்கன் இரண்டையும் விட்டால் அந்த மாநிலத்தின் எந்த ஊரிலும் அவ்வளவு பேர் வசிக்கவில்லை.

2. பொழுது

பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம் கணக்கில் ஆவணி முதல் மார்கழி வரை. முல்லைக்குரிய கார், ஆவணியும் புரட்டாசியும். இரண்டு அணிகளும் சேர்ந்துள்ள பிக் டென் கூட்டமைப்புக்குள்ளான ஆட்டங்கள் புரட்டாசியில் தொடங்குகின்றன. அக்டோபரில் மக்காச்சோள அறுவடை நடக்கிறது. நெப்ராஸ்கா அணியின் பெயரே சோளக்கதிர் உரிப்போர் என்பது.

வாரத்துக்குள் ஒரு சிறுபொழுது உண்டு. திங்கள்கிழமை பயிற்சியாளர் சங்கத்தின் தரவரிசை வெளியாகும். காத்திருப்பு அன்றைக்குத்தான் முறைப்படி தொடங்குகிறது. அந்தத் திங்கள்கிழமை விஸ்கான்சின் முதலிடம், நெப்ராஸ்கா இரண்டாமிடம். இரண்டு அணிகளும் அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு தோல்வியும் காணாதவை. செவ்வாய் முதல் வெள்ளி வரை ரசிகருக்கு வேறு செய்தி தேவைப்படவில்லை.

3. இருத்தலின் இலக்கணம்

ஒரு காத்திருப்பு இருத்தல் ஆவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது, நாள் உறுதியாக இருக்க வேண்டும். நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஆட்டத்துக்கு ஒருவர் ஏங்கலாம், காத்திருக்க முடியாது.

இரண்டாவது, எதிரியைத் தெரிந்திருக்க வேண்டும். நெப்ராஸ்கா 2011இல் பிக் டென் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதற்குப் பிறகே விஸ்கான்சினோடு ஆண்டுதோறும் மோதும் வழக்கம் வந்தது. 2017க்குப் பிறகு அந்த வாரம் வரை நெப்ராஸ்கா ஒருமுறைகூட வென்றிருக்கவில்லை. அந்தத் தோல்விகளில் ஒன்று 2021 டிசம்பரில் கொலம்பஸ் நகரில் நடந்த தேசிய இறுதி ஆட்டம்; ஐந்தாவது செட் வரை போய்க் கைநழுவியது. லிங்கன் ரசிகர் ஒவ்வொருவரும் இந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தார்.

மூன்றாவது, முடிவு தெரியாமல் இருக்க வேண்டும். எளிதில் தோற்கும் அணி வரும்போது அரங்கு நிறையும், ஆனால் வாரம் நிறையாது.

இம்மூன்றும் ஒருங்கே அமைவது அரிது. அமைந்தால் அதற்குத் தலையாய இருத்தல் என்று பெயரிடலாம். இரண்டு மட்டும் அமைவது இடை. ஒன்று மட்டும் அமைவது கடை.

4. இருத்தல் நிமித்தம்

காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. அவர் செய்யும் வேலைகளே இருத்தல் நிமித்தம். அணியின் சிவப்புச் சட்டையை எடுத்து வைப்பதும், சீசன் டிக்கெட்டில் இரண்டாவது இருக்கைக்கு வீட்டில் யார் வருவது என்று தீர்மானிப்பதும் எளிய நிமித்தங்கள். உயர்ந்த நிமித்தம் ஒன்று உண்டு. சுழற்சியைக் கணக்கிடுவது அது.

கைப்பந்தில் ஆறு பேர் நிற்கிறார்கள்: முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் மூவர். சர்வ் உரிமை திரும்பக் கிடைக்கும்போதெல்லாம் அனைவரும் ஓர் இடம் நகர வேண்டும். நெப்ராஸ்கா ஒரே செட்டரை, அதாவது அடிப்பவர்க்குப் பந்தை எழுப்பித் தருபவரை, வைத்து ஆடியது. அவர் முதலாண்டு மாணவி பெர்கன் ரைலி. ஆறு சுழற்சிகளில் மூன்றில் ரைலி முன்வரிசைக்கு வந்துவிடுவார். அந்த மூன்றிலும் வலைக்கு அருகே அடிக்க இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். விஸ்கான்சின் இரண்டு செட்டர்களை வைத்து ஆடியது. செட் செய்பவர் எப்போதும் பின்வரிசையில் இருப்பார். ஆகவே அவர்களுக்கு ஆறு சுழற்சியிலும் முன்னால் மூன்று பேர் அடிக்கத் தயார்.

தொல்லை அதோடு தீரவில்லை. முன்வரிசைக்கு வரும் செட்டர் வலப்பக்கம் நின்று பிளாக் செய்ய வேண்டும். அவருக்கு எதிரே, விஸ்கான்சினின் இடப்பக்கத்திலிருந்து பாய்ந்து வருபவர் சாரா ஃபிராங்க்ளின். அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதைப் பின்னர் பெற்றவர். இன்னொரு பக்கம் ஆனா ஸ்மிரெக். உயரம் ஆறடி ஒன்பது அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.06 மீட்டர். பெண்கள் கைப்பந்து வலையின் உயரம் 2.24 மீட்டர். அவர் தரையில் நின்றாலே தலைக்கும் வலையின் விளிம்புக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. ரைலி முன்னால் நிற்கும் அந்த மூன்று சுழற்சிகளையும் இரண்டு மூன்று புள்ளிகளுக்கு மேல் இழக்காமல் எப்படிக் கடப்பது? பின்வரிசையில் வேறு நிறச் சட்டையில் நிற்கும் லிபரோ, அதாவது தற்காப்புக்கென்றே உள்ள வீராங்கனை, லெக்ஸி ரோட்ரிகஸ் எத்தனை அடிகளைத் தரைக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து எழுப்புவார்? இந்தக் கணக்கைத்தான் லிங்கனில் காப்பிக்கடையிலும் அலுவலகத்திலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் காத்திருக்கும் முறை இது. முழு அரங்கின் எண்ணிக்கையைவிட இந்த அறிவின் ஆழமே ஒரு விளையாட்டின் செல்வம் என்பேன்.

5. தடையும் விடையும்

தடை: பிக் டென்னில் ஒவ்வோர் அணிக்கும் 20 கூட்டமைப்பு ஆட்டங்கள். தோற்றாலும் யாரும் வெளியேறுவதில்லை. அதே எதிரணியை நவம்பரில் மறுபடியும் சந்திக்கப் போகிறார்கள். ஒரு ஆட்டத்துக்கு இத்தனை தவிப்பு எதற்கு?

விடை: அந்தப் பருவத்தில் பிக் டென்னுக்குத் தனியாகப் பட்டப்போட்டி கிடையாது. பட்டியலில் முதலில் நிற்பவரே சாம்பியன். இருவருமே மற்றவர்களைத் தொடர்ந்து வீழ்த்தும்போது தங்களுக்குள் ஆடும் ஆட்டமே பட்டத்தின் பெரும்பகுதி. டிசம்பரில் 64 அணிகளின் தேசியப் போட்டி நடக்கும். அதில் யார் எந்த இடத்தில், யாருடைய அரங்கில் ஆடுவது என்பதையும் இதுபோன்ற வெற்றிகளே நிர்ணயிக்கின்றன. தோற்றவர் வெளியேறுவதில்லை என்பது உண்மை. ஆனால் சொந்த ஊரைவிட்டு வெளியூர் போக நேரலாம்.

தடை: ஆடுபவர்கள் மாணவியர். உழைப்பும் வெற்றியும் அவர்களுடையவை. பார்ப்பவரின் காத்திருப்புக்கு இலக்கணம் எழுத என்ன அவசியம்?

விடை: இதற்குச் சற்று விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டும். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1972இல்தான் வந்தது. அதற்குமுன் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பெண்களின் விளையாட்டுக்கு முறையான உதவித்தொகையோ பயண வசதியோ இல்லை. நெப்ராஸ்காவில் டெர்ரி பெட்டிட் 1977இல் பயிற்சியாளரானார். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான முதல் கைப்பந்துப் பட்டத்தை நடத்தியது 1981இல். பெட்டிட்டின் அணி முதல் தேசியப் பட்டத்தை வென்றது 1995இல். அவருக்குப் பின் 2000இல் வந்த ஜான் குக் மேலும் நான்கு பட்டங்கள் வென்றார். இந்த ஆண்டுகளில் ஆடுகளத்தில் நடந்த வளர்ச்சியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பார்வையாளர் வரிசையிலும் ஒரு வளர்ச்சி நடந்தது. வழிப்போக்கராக வந்தவர் பழகினவரானார். பழகினவர் அடுத்த ஆட்டத்துக்கு நாள் எண்ணுபவரானார்.

பெண்களின் விளையாட்டுக்குப் பாராட்டு எளிதில் கிடைத்துவிடும். ஒரு பதக்கம் வந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள், மறுவாரம் மறந்துவிடுவார்கள். ஆட்டம் நடப்பதற்கு முன்பே ஐந்து நாள் ஒரு நகரத்தின் மனத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் கடினம். முன்னது நடந்து முடிந்த செயலுக்குக் கொடுக்கும் பரிசு. பின்னது இன்னும் நடக்காத செயலின் மேல் வைக்கும் நம்பிக்கை. மாணவியர்க்கு அந்த நம்பிக்கை கிடைத்திருக்கிறது என்பதற்குச் சான்று காத்திருப்பவரே. ஆகவே அவருக்கு இலக்கணம் எழுதுவது தகும்.

6. பின் நிகழ்ந்தது

சனிக்கிழமை ஆட்டம் ஐந்து செட் போனது. நெப்ராஸ்கா வென்றது, 2017க்குப் பிறகு விஸ்கான்சினுக்கு எதிராக முதல் வெற்றி. நவம்பர் 24 அன்று மேடிசனில் விஸ்கான்சின் மூன்று நேர் செட்களில் கணக்கைத் தீர்த்தது. பருவ முடிவில் நெப்ராஸ்கா 19 வெற்றி, 1 தோல்வியுடன் பிக் டென் பட்டத்தைப் பெற்றது. அந்த ஒரு தோல்வி மேடிசனில் வந்ததுதான். அக்டோபரில் லிங்கனுக்கும் நவம்பரில் மேடிசனுக்கும் சமமான இன்பத்தை இந்தப் பகை வழங்கியது.

7. முடிபு

2023 வரை பிக் டென்னில் 14 அணிகள். ஓர் அணிக்கு 13 எதிரிகள், 20 ஆட்டங்கள். எனவே ஏழு எதிரிகளை இருமுறை சந்திக்கலாம். 2024இல் மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்கள் நான்கு சேர்ந்து அணிகள் 18 ஆயின. ஆட்டங்கள் அதே 20 என்றால், 17 எதிரிகள் போக, இருமுறை சந்திக்கக்கூடியவர்கள் மூன்றே பேர். தொலைக்காட்சி வருமானத்துக்காகப் பெருகிய கூட்டமைப்பு, பழகிய பகைகளைச் சுருக்குகிறது. மூன்று நிபந்தனைகளில் இரண்டாவதன் அடித்தளத்தையே இது அரிக்கும்: எதிரியைத் தெரிந்திருக்க அடிக்கடி சந்தித்தாக வேண்டும்.

அட்டவணை போடுபவர்களிடம் கேட்பது இதுதான். அந்த மூன்று இடங்களையும் பயணச் செலவை வைத்தோ ஒளிபரப்பு நேரத்தை வைத்தோ நிரப்பாதீர்கள். எந்த இரண்டு ஊர்களில் ரசிகர்கள் திங்கள்கிழமையே சுழற்சிக் கணக்குப் போடத் தொடங்குகிறார்களோ, அந்த இரண்டு ஊர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு ஆட்டம் கொடுங்கள். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நாளைச் சீக்கிரம் அறிவியுங்கள். மாலைப் பொழுதாக இருக்கட்டும்.