தோற்ற படத்துக்கே மாலை

2003 பொங்கலை ஒட்டி 'தூள்', 'அன்பே சிவம்' இரண்டும் திரைக்கு வந்தன. கூட்டம் 'தூள்' பக்கம் போனது. ஆனால் இன்று யாரைக் கேட்டாலும் 'அன்பே சிவ'த்தை முதல் வாரமே பார்த்ததாகச் சாதிக்கிறார். அப்படியானால் 'தூள்' பார்த்தவர்கள் யார்? ஆந்திராவிலிருந்து வந்திருப்பார்களோ என்னவோ.

கல்ட் ரசிகருக்குப் படம் பிடிப்பது இருக்கட்டும், முதலில் அது தோற்றிருக்க வேண்டும். ஓடிவிட்டால் "கமர்ஷியல்" என்று உதட்டைப் பிதுக்கிவிடுவார்.

இந்த விஷயத்தில் 2011-இல் வந்த 'ஆரண்ய காண்டம்' முழுத் தகுதி பெற்ற படம். கதாபாத்திரங்கள் வாயசைக்கும் டூயட் கிடையாது. தணிக்கைக் குழுவோடு நீண்ட மல்லுக்கட்டு. பிறகு இரண்டு தேசிய விருதுகள். கல்லா மட்டும் நிறையவில்லை. அதை இயக்கிய தியாகராஜன் குமாரராஜாவின் அடுத்த படம் 'சூப்பர் டீலக்ஸ்' வர 2019 ஆனது. நடுவில் எட்டு ஆண்டுகள், "இந்த மேதையைத் தமிழ்நாடு கைவிட்டுவிட்டது" என்று ரசிகர்கள் டீக்கடைதோறும் குமுறினார்கள். கைவிட்டவர்களில் தாமும் உண்டா என்று டிக்கெட்டைத் தேடிப் பார்த்தவர் யாருமில்லை.

செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010-இல் பலருக்குப் புரியவில்லை. 2020 டிசம்பர் 31-இல் மறுபடி திரையிட்டபோது எல்லாருக்கும் புரிந்து, விசில் பறந்தது. மறுநாளே இரண்டாம் பாகத்துக்குப் போஸ்டர் வந்தது: 2024-இல் வெளியீடு! 2024 வந்தது, போனது, படம் வரவில்லை. ரசிகருக்கு அதனால் நஷ்டமில்லை. வராத படத்தையும் கல்ட் பட்டியலில் சேர்த்தாயிற்று.