ஒரு கை, மூன்று கணினி

டேலியில் ஊறிய கணக்காளர்கள் மவுஸைத் தொடுகிறவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். பணம் கொடுத்தால் எஃப்5, வந்தால் எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, விற்பனைக்கு எஃப்8. விரல் தன் பாட்டுக்கு ஓடும், கண் வவுச்சரை விட்டு அகலாது. தி.நகரில் அலுவலகம் வைத்திருக்கும் இந்த ஆடிட்டரும் அந்த வர்க்கம்தான். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. போர்ட்டலில் பழக்கதோஷத்தில் எஃப்5-ஐ அழுத்தினால் பேமென்ட் வவுச்சர் திறக்காது. பக்கம் புதிதாக லோட் ஆகி, அதுவரை நிரப்பியதெல்லாம் போய்விடும். ஆடிட்டர் மவுஸைக் கையில் எடுத்தார்.

எடுத்த கையைக் கீழே வைக்க நேரமில்லை. மாதாமாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி என்கிற பட்டியல் தயாராகிவிடும். அதில் சப்ளையர்கள் என்ன காட்டியிருக்கிறார்கள், கிளையன்ட்டின் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எக்செல்லில் வரிக்கு வரி ஒத்துப்பார்க்க வேண்டும். கீழே போனால் வரிசைகள் முடிவதில்லை, பக்கவாட்டில் போனால் நெடுவரிசைகள் முடிவதில்லை.

அதையும் ஒரே கணினியில் செய்யக் கொடுத்துவைக்கவில்லை. அலுவலக டெஸ்க்டாப் ஒன்று. ‘எங்கள் டேட்டா எங்கள் மெஷினைவிட்டு வெளியே போகக்கூடாது’ என்று ஒரு கம்பெனி கொடுத்தனுப்பிய லேப்டாப் இரண்டாவது. பிடிஎஃப் படிக்க ஐபேட். ஆக, மேஜைமேல் மூன்று மவுஸ். டெஸ்க்டாப்பில் அம்பு நகரவில்லை என்று மவுஸைத் தட்டுவார், உதறுவார், பாட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். அந்த நேரமெல்லாம் பக்கத்து லேப்டாப்பில் அம்பு பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்கும். ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சார், அது கம்பெனி லேப்டாப் மவுஸ்” என்பான்.

“தெரியும்ப்பா, சும்மா பார்த்தேன்.”

இந்த அவஸ்தைக்கென்றே மவுஸ் விற்கிறார்கள். மூன்று கணினிகளோடு தனித்தனியாகப் பேர் செய்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு பொத்தானை அழுத்தினால் 1, 2, 3 என்று மாறி மாறிப் பேசும். பையன் இதை எடுத்துச் சொன்னதும் ஆடிட்டர் அவனையும் அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினார்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே நாலு பேர் “என்ன சார் வேணும்?” என்று கேட்கும் தெரு அது. ஐந்தாவதாகக் கேட்டவரின் கடைக்குள் போனார்கள். கடைக்காரர் முதலில் எடுத்துவிட்டது டிபிஐ கணக்கை. “8000 டிபிஐ சார். டாப் பீஸ்.”

எண்ணைச் சொல்லி ஆடிட்டரிடம் வியாபாரம் செய்வது ஆபத்தான தொழில். ஒரு அங்குலம் நகர்த்தினால் 8000 புள்ளி என்றால், ஃபுல் எச்டி திரையின் அகலம் மொத்தமே 1920 புள்ளி. 1920-ஐ 8000-ஆல் வகுத்தார். 0.24. கால் அங்குலம்கூட வேண்டாம், அம்பு திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடும்.

“தும்மினாலே ரிட்டர்ன் ஃபைல் ஆயிடும் போலிருக்கே?”

“செட்டிங்ஸ்ல குறைச்சுக்கலாம் சார்.”

“குறைச்சு வச்சுக்கறதுக்கு எதுக்குப்பா கூடுதலாக் காசு?”

கடைக்காரரிடம் பதில் இல்லை. வரிசையாக மானிட்டர் வைத்திருப்பவருக்கும் விளையாடுகிறவருக்கும் அந்த எண் பயன்படலாம். எக்செல்லுக்கு ஆயிரத்து சொச்சம் தாராளம்.

விசித்திரம் என்னவென்றால், அந்தத் தெருவில் யாருமே அவர் கையைப் பார்க்கவில்லை. செருப்புக் கடையில் நுழைந்தால் முதலில் காலைத்தான் காட்டச் சொல்கிறார்கள். நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கப் போகிற சாமானை மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி, “பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது” என்று விற்கிறார்கள். ஆடிட்டருக்கு அகலமான உள்ளங்கை, குட்டையான விரல்கள். பையில் போட்டுக்கொண்டு போக வசதியாகச் செய்த தட்டை மவுஸைப் பிடித்தால் உள்ளங்கைக்குக் கீழே வெறும் காற்றுதான். மணிக்கட்டு மேஜை விளிம்பில் அழுந்துகிறது, விரல்கள் மட்டும் மடங்கி நின்று வேலை செய்கின்றன. பையனின் ஒல்லிக் கைக்கு அதுவே அமிர்தமாக இருந்தது. ரெவ்யூக்களில் வருகிற நட்சத்திரங்களை இந்த ஒரு காரணத்துக்காகவே பாதி தள்ளுபடி செய்துவிட்டுப் படிக்கலாம். எழுதியவரின் கை அளவு அதில் இருக்காது.

கை என்றால் முதல் மவுஸின் கதையையும் சொல்லவேண்டும். 1964-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலிஷ் செய்து கொடுத்தது ஒரு சின்ன மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரம், மேலே ஒரே பொத்தான். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி எங்கல்பார்ட் தன் கண்டுபிடிப்பை ஊரறியச் செய்துகாட்டியபோது வலக்கையில் மவுஸ், இடக்கையில் ஐந்து கட்டைகள் கொண்ட தனி விசைப்பலகை. காப்புரிமை 1970-இல் கிடைத்தது, அவருக்கு அதிலிருந்து ராயல்டி மட்டும் வரவில்லை. ‘இதர வருமானம்: நில்’ என்று ஆடிட்டர் போட்டுக்கொண்டார். ஆனால் இரண்டு கைக்கும் வேலை கொடுத்த ஏற்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. அவர் இடதுகைக்காரர். பச்சைப் பேனாவால் டிக் அடிப்பது இடக்கை, மவுஸ் நகர்த்துவது வலக்கை. பேனாவைக் கீழே வைக்காமலே அடுத்த வரிக்குப் போய்விடுவார். வலதுகைக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

கடையில் அடுத்துக் கைக்கு வந்தது லாஜிடெக்கின் எம்.எக்ஸ். மாஸ்டர் 3எஸ். 141 கிராம். சக்கரத்தைச் சுண்டிவிட்டால் நொடிக்கு ஆயிரம் வரி ஓடும், பக்கவாட்டில் நகரக் கட்டைவிரலுக்குத் தனிச் சக்கரம். 2பி பார்க்கிறவர்களுக்காகவே யாரோ நேர்ந்துகொண்டு செய்ததுபோல் இருந்தது, உள்ளங்கையும் நிறைந்தது. ஆனால் கணினி மாற்றும் பொத்தான் அடிவயிற்றில். ஒவ்வொரு தடவையும் மவுஸைப் புரட்டிப் போட்டு அழுத்தவேண்டும். ஐபேடுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நிமிஷத்துக்கு ஒருதரம் தாவுகிறவருக்கு அது சரிப்படாது. அடிவயிறு என்றதும் பையனுக்கு ஆப்பிளின் மேஜிக் மவுஸ் ஞாபகம் வந்துவிட்டது. 2015-இல் அதன் சார்ஜர் துளையை அடியில் வைத்தார்கள். சார்ஜ் ஏறும்வரை மல்லாந்து கிடக்கும், தொடமுடியாது. 2024-இல் யுஎஸ்பி-சிக்கு மாற்றினார்கள், துளை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆட்சேபத்துக்கு ஒன்பது வருஷம் கழித்தும் பதில் வரவில்லையென்றால், ஆடிட்டர்களின் பாஷையில் அதற்கு ‘குவாலிஃபைடு ரிப்போர்ட்’ எழுதவேண்டும்.

செங்குத்து மவுஸையும் விடவில்லை. உள்ளங்கையை மேஜையில் கவிழ்த்து வைத்தால் முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் குறுக்கே போய்ப் படுத்துக்கொள்கிறது. கைகுலுக்குகிற நிலையில் வைத்தால் இந்த முறுக்கு பெரும்பாலும் தளர்ந்துவிடும். லாஜிடெக் லிஃப்ட் இதற்காகவே 57 டிகிரி சாய்ந்து நிற்கிறது. ஆடிட்டர் இடதுகைக்காரர் என்று கேள்விப்பட்ட கடைக்காரர், இடக்கைக்கென்றே செய்த லிஃப்ட் ஒன்றைக் கண்டுபிடித்து எடுத்துவந்துவிட்டார், பாவம். “அது பேனா கைப்பா” என்று திருப்பி அனுப்பினார். வலக்கை மாடலில் முதல் கிளிக் செய்தபோது பொத்தானோடு மவுஸே பக்கவாட்டில் நகர்ந்தது. அழுத்தம் கீழ்நோக்கி விழாமல் குறுக்கே விழுவதால் வரும் சங்கடம் இது, பழகினால் கட்டைவிரலால் முட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ளலாம். பழகுகிற காலத்தில் எத்தனை தப்புக் கட்டத்தில் கிளிக் விழும் என்று யோசித்தார். கடைசித் தேதி நெருங்குகிறது. கீழே வைத்துவிட்டார்.

உண்மையில் தேர்வை முடித்து வைத்தது கையல்ல, கம்பெனி லேப்டாப். அதில் ஐடி பிரிவினர் புளூடூத்தையே முடக்கி வைத்திருந்தார்கள். அதனால் யுஎஸ்பியில் செருகும் ரிசீவர் வேண்டும். ஐபேடுக்கோ புளூடூத்தான் தோது. ஆக, ஒரே மவுஸில் இரண்டு வழியும் இருந்தே ஆகவேண்டும். ஒரு கணினியில் காப்பி செய்து இன்னொன்றில் பேஸ்ட் செய்யும் வித்தையும் உண்டாம். அதற்கு இரண்டிலும் மென்பொருள் நிறுவவேண்டும். ஐடி பிரிவிடம் அதைக் கேட்பதற்குப் பதில் வருமான வரித்துறையிடம் ரீஃபண்டை வட்டியோடு கேட்டு வாங்கிவிடலாம்.

கடைசியில் நடுத்தர உயரம், கட்டைவிரல் பக்கத்திலேயே மாற்றும் பொத்தான், ஒற்றை ஏஏ பாட்டரி, ரிசீவர், புளூடூத் எல்லாம் சேர்ந்த ஒன்று கிடைத்தது. ரிசீவரை ஒரு நாள் டெஸ்க்டாப்புக்கு மாற்றியபோது அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது. பக்கத்துத் துளையில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி 3.0 சாதனங்கள் கிளப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்களைத் தொந்தரவு செய்யும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை எழுதியிருக்கிறது. சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றால் ரிசீவரைத் தள்ளிவைத்ததும் சரியாகிவிட்டது.

ஆடிட் முடிந்து கம்பெனி லேப்டாப் திரும்பிப் போனது. மவுஸில் 2-ஆம் நம்பர் காலி. மவுஸையும் ஐபேடையும் வீட்டுக்கு எடுத்துவந்தால் மகன் சும்மா இருப்பானா? ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓரோர் எழுத்தாய்த் தேடி அலுத்துப்போனவன், ஹால் டிவியை அந்த இடத்தில் புளூடூத்தில் பேர் செய்துவிட்டான். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உள்ளறையில் ஐபேடில் 2பி நடந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் எங்கோ பட்டது. திரையில் அம்பு நின்றுபோனது. ஆடிட்டர் மவுஸைத் தட்டினார், உதறினார். ஹாலில், முந்தின நாள் விட்டுப்போன சீரியலை ஓடிடியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது.

“ஏண்டா, இவ மூக்குமேல என்னமோ அம்பு வந்து நிக்குது பாரு!”

“டிவியில ஏதோ கோளாறா இருக்கும்மா” என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் கிளிக் செய்து பார்த்தார்.

“இப்ப அவளும் நின்னுட்டாடா. தாலியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கறா. நீ உள்ள என்ன பண்றே?”