மகாராணியின் மறுபிறவி

கேள்வி: நூறு வருடங்களுக்கு முன்பு திபெத்தியத் தட்டார்களுக்கு வெள்ளி எங்கிருந்து கிடைத்தது?

பதில்: பெரும்பாலும் நாணயங்களிலிருந்துதான். கம்பளி வியாபாரத்தோடு இந்திய ரூபாயும் மலையேறியது. அதில் முகம் பதித்திருந்த விக்டோரியா மகாராணி மூசைக்குள் இறங்கி, நெய்விளக்காகவோ ‘காவு’ என்னும் தாயத்துப் பெட்டியாகவோ மறுபிறவி எடுத்தார். புத்த பூமியில் மறுபிறவிக்குக் கேட்கவா வேண்டும்!

அந்த ரூபாயின் செல்வாக்கைப் பார்த்து வயிறெரிந்த சீனா, 1902 வாக்கில் அதே சாயலில், தன் பேரரசர் முகத்தோடு சிச்சுவானில் ஒரு ரூபாய் அடித்தது. தட்டாருக்கு எந்த முகமானால் என்ன, உருகினால் சரி.

லாசாவில் பேர்போன தட்டார்கள் பலர் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து போன நேவார்கள். தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டிப் புடைக்கவைத்து, முன்பக்கம் சிற்றுளியால் தாமரை இதழின் நரம்புவரை இழுத்துவிடுவார்கள். பல தாயத்துப் பெட்டிகளில் முகப்பு மட்டும் வெள்ளி, முதுகு செம்பு. நெஞ்சோடு ஒட்டியிருக்கும் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?