முதல் பைக்கை முறைப்படி வாங்கி முறைப்படி கெடுப்பது எப்படி?

வேலை கிடைத்து நாலு மாதச் சம்பளம் கைக்கு வந்தாயிற்றா தம்பி? இனியும் 29சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் தெருவில் மரியாதை இருக்காது. பைக் வாங்கிவிடு. தினம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறோம், பின்னால் யார் உட்காருவார்கள், சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டுகிறதா என்றெல்லாம் நீ யோசிக்கக் கூடாது. உனக்காக யோசிக்க வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்பா ஸ்ப்ளெண்டர் என்பார். எந்தக் குக்கிராமத்தில் நின்றாலும் பார்ட்ஸ் கிடைக்கும் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இருப்பதால் உடனே தள்ளிவிடு. மாமா, திருவொற்றியூர் புல்லட்டைத் தவிர மற்றதெல்லாம் வண்டியே இல்லை என்பார். இடுப்பு வலி வந்து அவர் தன் புல்லட்டை விற்றுப் பல வருஷம் ஆயிற்று, அதைக் கிளறாதே. நண்பன் ஆர்எக்ஸ் 100 என்பான். அவன் பேச்சைக் கேள். 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன டூ ஸ்ட்ரோக் வண்டி அது. இருப்பதிலேயே இளையதுகூட உனக்கு அண்ணன் முறை. சத்தம் மட்டும்தான் இன்னும் இளமையாக இருக்கிறது, விலையும் அந்தச் சத்தத்துக்குத்தான்.

இல்லை, புது வண்டிதான் என்றால் எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போ. ஏசியில் உட்காரவைத்து, கூல் டிரிங்க்ஸ் கொடுத்து, ஒரு தாளை நீட்டுவார்கள். ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்குக் கட்டாயமாகிவிட்ட ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எல்லாம் சட்டப்படி இருக்கும். அதற்குக் கீழே ‘ஆக்சஸரீஸ்’ என்று ஒரே சொல்லில் சில ஆயிரம் உட்கார்ந்திருக்கும். அதைப் பிரித்துக் காட்டச் சொல்வது அநாகரிகம். பின் சக்கரத்தில் புடவை சிக்காமல் தடுக்கும் காவலும், பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி வண்டியிலேயே இருக்க வேண்டியவை. வண்டி வாங்கும்போது ஐஎஸ்ஐ ஹெல்மெட் ஒன்றும் தர வேண்டும் என்கிறது விதி 138. இதையெல்லாம் எடுத்துப் பேசினால், “சார் லாயரா?” என்று கேட்பார்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பேச்சு எதற்கு? இஎம்ஐ மாதம் எவ்வளவு என்று கேள், போதும். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் தூக்கம் போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் வண்டிக்குத் தனி இலக்கணம் உண்டு. “டாக்டர் வண்டி சார், ஒரே ஓனர்.” விற்பனைக்கு வரும் டாக்டர் வண்டிகளைக் கணக்கெடுத்தால், நம் டாக்டர்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் பைக் வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நீ போகும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். தொட்டுப் பார்த்து, இப்போதுதான் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று சந்தோஷப்படு. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன எஞ்சின் காலையில் எத்தனை உதைக்கு எடுக்கிறது என்பதில்தான் அதன் ஆரோக்கியம் தெரியும். அதனால் சாயங்காலமே போய்ப் பார்ப்பது உத்தமம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகை விட்டால் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது, போர் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். “நாலு நாள் ஓட்டாம நின்னுச்சு, அதான்” என்பார். தலையை ஆட்டு.

எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்சி புக்கோடு ஒத்துப்போகிறதா, ஆர்சியில் எச்பி என்று கடன் பதிவாகியிருந்தால் ஃபைனான்ஸில் என்ஓசி கொடுத்தார்களா என்று சரிபார்த்தால் நல்ல மனிதரைச் சந்தேகப்பட்ட பாவம் வரும். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வை. பெயர் மட்டும் மாற்றாதே. விற்பவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது.

லைசென்ஸ்? எல்எல்ஆர் வாங்கி முப்பது நாள் கழித்து எட்டு போடு. கால் ஊன்றாமல் எட்டு போடத் தெரிந்தவனுக்கு நேராகவும் ஓட்டத் தெரியும் என்று அரசாங்கம் நம்புகிறது.

சென்னைக்காரனாக இருந்தால் வண்டியை எடுத்ததும் நேரே பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் போக வேண்டும். ஹேண்டில்பாரில் மாலை, ஹெட்லைட்டில் குங்குமம், ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம். இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, “ஏத்துப்பா” என்பார் பூசாரி. பூஜை போட்ட வண்டியில் நீ ஓட்டப்போகும் முதல் தூரம் அரை அடி. ஃபர்ஸ்ட் கியரைப் போட்டுக் கிளட்சை மொத்தமாக விடு. முன் சக்கரத்துப் பழம் நசுங்காமல் பக்கவாட்டில் பிதுங்கி ஓடும். வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆகும். பின்னால் பூஜைக்கு நிற்கும் கார்க்காரர் ஹாரன் அடிப்பார். “பரவாயில்ல, வேற பழம் வைங்க” என்று அம்மா பர்ஸைத் திறப்பார். கண்ணாடியில் காய்ந்த சந்தனத்தை அடுத்த ஆயுத பூஜை வரை சுரண்டாதே. எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று தெரியாதவனுக்குத்தான் பயம் இருக்காது.

இனி பராமரிப்பு. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-க்கு ஒரு விளம்பரம் செய்தார்கள்: ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட். கம்பெனி பெட்ரோலைப் பற்றிச் சொன்னதை நம் ஆட்கள் ஆயில், செயின், பிரேக் எல்லாவற்றுக்கும் பொருத்திக்கொண்டார்கள். அந்த மரபைக் காப்பாற்றுவது உன் கடமை.

முதல் ஃப்ரீ சர்வீஸ் பெரும்பாலான வண்டிகளுக்கு 500 கிலோமீட்டர் தாண்டியதும் வரும். புது எஞ்சின் உள்ளே உரசி உதிர்ந்த இரும்புத் தூளெல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் மிதக்கும். அதை மாற்றாமல் ஓட்டினால் இரும்புச் சத்து எஞ்சினுக்குள்ளேயே இருக்கும். ஆயில் மாற்றியே தீர வேண்டும் என்றால் வீட்டில் மிஞ்சிய கார் ஆயிலை ஊற்று. பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். காருக்கான வழவழப்பு சேர்த்த ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால் வழுக்க ஆரம்பிக்கும். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது. மைலேஜ் பார்க்கும் பெரியப்பா இருந்தால் அவரையும் பின்னால் ஏற்றிக் காட்டு.

செயினைத் தொடாதே, கை அழுக்காகும். கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் சாதாரண வண்டியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, 90 கியர் ஆயில் விட்டால் வேலை முடிந்தது. வாரத்தில் ஒரு நாள் கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் எத்தனை ரீல்ஸ் பார்க்கலாம்! செயின் தளர்ந்து கவரில் ‘கடகட’வென்று அடிக்கும் வரை பொறு. அப்போது செயினோடு முன்னும் பின்னும் உள்ள ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே போயிருக்கும், செட்டாக மாற்றிவிடலாம். புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகளுக்குப் போய்வர ஒரு காரணமும் ஆயிற்று.

வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும், காற்றைக் குறைத்து வை என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அப்படியே செய். காற்று குறைந்த டயர்தான் ஓடும்போது அதிகம் மடங்கி, அதிகம் சூடாகும் என்பது அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. எத்தனை பிஎஸ்ஐ என்று செயின் கவர் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் நடிகர் படம் ஒட்ட நல்ல இடம்.

வாட்டர் வாஷுக்குக் கொடுக்கும்போது சக்கரத்தின் நடுவிலும் செயினிலும் வயர் இணைப்புகளிலும் நன்றாகப் பீய்ச்சி அடிக்கச் சொல். பேரிங்கிலிருக்கும் கிரீஸ் வெளியே வந்து உலகத்தைப் பார்க்கட்டும். கடைசியில் பளபளப்புக்கு டீசல் ஸ்பிரே அடிக்கட்டுமா என்பார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன்: வேண்டாம். அது பிரேக்கில் படிந்தால் அடுத்த சிக்னலில் வண்டி நிற்காது. அதே மூச்சில் ஹெல்மெட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்காக முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவனுக்கு முழங்கை மட்டும் பத்திரமாக இருக்கும். வாரை மாட்டு.

சரி, கிண்டலுக்குத் திரும்பலாம். வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால் பதறாமல் உதைத்துக்கொண்டே இரு. நாலு பேர் கூடுவார்கள். ஒருவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொல்வார், இன்னொருவர் வண்டியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்வார், மூன்றாமவர் சோக்கை இழுக்கச் சொல்வார். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததிலிருந்து அநேகமாக எல்லாப் புது வண்டியிலும் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன். இழுக்க சோக்கே கிடையாது. கடைசியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பையன் ஒருவன், “அண்ணா, கில் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு” என்பான். அவனைத் திட்டு.

மழையில் முட்டளவு தண்ணீரில் வண்டி அணைந்தால் விடாமல் செல்ஃப் அடி. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல பேர் இதைச் செய்துதான் மெக்கானிக் கடைகளுக்கு வாழ்வு கொடுத்தார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஆயில் பால் விட்ட டீ நிறத்துக்கு மாறியிருக்கும். தள்ளிக்கொண்டு போய் ஆயிலை மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்கிறவன் கஞ்சன்.

மெக்கானிக்கிடம் போனால் அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார், உன்னைப் பார்ப்பார். பிறகு, “யார் சார் இதுல வேலை பார்த்தது?” என்பார். போன மாதம் அவரேதான் பார்த்தார் என்று சொல்லி மனதை நோகடிக்காதே. அரை மணி நேரத்தில் முடியும் என்றால் சாயங்காலம் என்று புரிந்துகொள். கழற்றிய பழைய பார்ட்ஸைக் காட்டச் சொல்லாதே, பில் கேட்காதே. வாயைத் திறந்தால் “நாளைக்கு வாங்க” என்று ஆகிவிடும்.

கடைசியாக, சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். ஓனர்ஸ் மேனுவல் என்பார்கள். ஆயில் எத்தனை மில்லி, எந்த கிரேடு, காற்று எவ்வளவு, செயின் எத்தனை மில்லிமீட்டர் என்று மேலே நான் சொன்னதும் சொல்லாததும் உன் வண்டிக்கென்றே அதில் அச்சிட்டிருப்பார்கள். கவரைப் பிரிக்காதே. மூன்று வருஷம் கழித்து விற்கும்போது, “புக்கு பாருங்க சார், கைபடாம புதுசா இருக்கு, டாக்டர் வண்டி” என்று தைரியமாகச் சொல்லலாம்.